பாக்குமட்டையில் ஓர் ஓநாய்

போன ஞாயிற்றுக்கிழமை, பாக்குமட்டைத் தட்டில் செய்த ஏழாவது ஓநாய் முகமூடி ஒரு பையன் முகத்தில் முழுசாக ஒரு மணி நேரம் கழலாமல் நின்றது. அதைப் போட்டுக்கொண்டு ஓடினான், கொய்யா மரத்தில் ஏறினான், மண்ணில் புரண்டான். எலாஸ்டிக் அறவில்லை, காது விழவில்லை, கண்ணை மறைக்கவில்லை. அதற்கு முன்னால் செய்த ஆறும் என் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு சாக்கில் கிடக்கின்றன. அந்த ஆறின் கதையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வேறு யாராவது லீவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்யப்போனால் எங்கள் வீட்டில் வீணானது அங்கேயும் வீணாக வேண்டாம்.

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில் எங்கள் ஊர். முன்அறையில் மோட்டாரில் ஓடும் பவர்டேபிள் தையல் மெஷின் ஒன்றும் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்றும் போட்டு, திருப்பூரிலிருந்து வரும் ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் சந்தில் இருக்கிற பொடுசுகள் எல்லாம் எங்கள் திண்ணைக்கு வந்துவிடும். இந்த மே மாதம் மொத்தம் பதினோரு பேர். வெட்டுத்துணியை அள்ளிப் போட்டு விளையாடுவார்கள், நூல்கண்டை உருட்டுவார்கள். அரைநாள் வேலை போய்விடும். சரி, உட்கார வைத்து ஏதாவது வேலை கொடுப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். ஓநாய்தான் வேண்டும் என்றது என் மகன். மூன்றாவது முடித்திருக்கிறான். ஏன் ஓநாய் என்று கேட்டால், "அதுதாம்மா ஊளையிடும்" என்றான்.

முதல் ஞாயிறு, கலர் அடிக்கும் தாள். செல்போனில் தேடி ஒரு படத்தை எடுத்து இருபது காப்பி ஜெராக்ஸ் போட்டு வந்தேன். கழுத்து நிறையப் புசுபுசுவென்று முடி, பின்னால் முழு நிலா, கூம்பு கூம்பாக மரங்கள், கீழே பனி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தாளைக் கையில் வாங்கியதும் எதிர்வீட்டுச் சின்னவன் பனியைக் காட்டி, "ஏனுங்கத்தை, இது சுண்ணாம்புக் கல்லுங்களா?" என்றான். பனி என்று சொன்னேன். அவனுக்குத் தெரிந்த பனி மார்கழியில் புல் நுனியில் இருப்பது. அதை எப்படி வெள்ளையாக அடிப்பது என்று யோசித்துவிட்டுப் பேசாமல் பிரவுனை எடுத்துத் தரை முழுக்க அடித்துவிட்டான். மற்றவர்களும் அதையே செய்தார்கள்.

அங்கேதான் முதல் இடி. இரண்டு பெட்டி க்ரேயான் வாங்கி வைத்திருந்தேன், பெட்டிக்குப் பன்னிரண்டு கலர். பெட்டிக்கு ஒரே ஒரு பிரவுன். பதினோரு பேருக்கு இரண்டு பிரவுன். அரை மணி நேரத்தில் இரண்டும் நகத்துண்டு அளவுக்குத் தேய்ந்துபோயின. ரோஸும் ஊதாவும் பேப்பர் கூடப் பிரியாமல் இருந்தன.

இரண்டாவது தப்பு, படத்தில் இருந்த முடி. ஒவ்வொரு முடியும் தனிக்கோடு. பெரியவர்களுக்குப் பொழுதுபோக்காக வரைந்த படம் போலிருக்கிறது. ஐந்தாவது படிக்கிற பாப்பா மட்டும் கடைசி வரைக்கும் உட்கார்ந்து அடித்தாள். மீதிப் பேர் காலோடு நிறுத்திவிட்டு நூல்கண்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

சாயங்காலம் அந்தத் தாளை என் மாமனார் எடுத்துப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு வயதில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆட்டுப்பட்டி காத்துப் படுத்தவர். "இதென்ன, செம்மறிக்கெடாயாட்டம் கழுத்து?" என்றார். "அது ஒல்லியா இருக்கும் சாமி. காலு நெட்டையா இருக்கும். நாய்னா வாலைச் சுருட்டும். இது வாலைத் தொங்கப் போட்டுட்டுத்தான் போகும்." தாளின் பின்பக்கத்திலேயே பால்பாயிண்ட் பேனாவால் வால் மட்டும் வரைந்து காட்டினார். நேராகக் கீழே தொங்குகிற ஒரு கோடு. அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் என் இரண்டாவது தாள் உருவானது.

இராத்திரி உட்கார்ந்து நம் ஊர் ஓநாயின் போட்டோக்களைத் தேடினேன். பனிநாட்டு ஓநாய்க்கும் இதற்கும் உடம்பில் நிறைய வித்தியாசம். முடி குட்டை, அதனால் காது பெரிதாகத் தெரிகிறது. நிறம் மணல் மாதிரி, முதுகில் மட்டும் கறுப்பு கலந்திருக்கும். இதற்கு சைக்ஸ் என்பவர் 1831இல் பல்லிபெஸ் என்று அறிவியல் பெயர் வைத்திருக்கிறார். வெளிறிய கால் என்று அர்த்தமாம். இது எனக்குப் பெரிய உதவி. கால் நாலும் கலர் அடிக்காமல் விடலாம் என்றால் பிரவுன் மிச்சம்.

பேட்டர்ன் வெட்டும் பழுப்பு அட்டையில் வரைந்தேன். ஆறே ஆறு பாகம்: தலை, காது, முதுகு, வயிறு, கால், வால். முடிக்கோடு ஒன்றுகூட இல்லை. முதலில் பேனாவால் இழுத்த கோடு ஜெராக்ஸில் மங்கிவிட்டது. பார்சல் பெட்டியில் நம்பர் எழுதும் மார்க்கரால் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு இழுத்த பிறகு சரியாக வந்தது. ஐந்து வயதுப் பிள்ளை கோட்டைத் தாண்டாமல் அடிக்க அந்தத் தடிமன் வேண்டும். பின்னணிக்கு நிலாவை எடுத்துவிட்டு, குடை மாதிரி விரிந்த ஒரு வெள்வேல மரம், கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், தூரத்தில் ஒரு ஆட்டுப்பட்டி. வேலியை வரையும்போது கொஞ்சம் அதிகமாகவே ரசித்துவிட்டேன். முள் எல்லாம் வைத்தேன். தேவையில்லாத வேலை, பிள்ளைகள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு, கலருக்கு வேறு வழி. க்ரேயான் இனி வாங்குவதில்லை என்று முடிவு. தோட்டத்துச் செம்மண்ணைத் துணியில் சலித்து ஒரு கிண்ணம், விறகடுப்புக் கரியை அம்மியில் நுணுக்கி ஒரு கிண்ணம், ஆறிப்போன காப்பி டிக்காஷன் ஒரு கிண்ணம், மஞ்சள்தூள் ஒரு கிண்ணம். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு ஸ்பூன் தூள், நாலு ஸ்பூன் தண்ணீர், அரை ஸ்பூன் ஃபெவிகால். ஃபெவிகால் போடாத முதல் கலவை காய்ந்ததும் தாளைத் தட்டினால் பொடியாக உதிர்ந்தது. பிரஷ்ஷுக்குப் பதில் வெட்டுத்துணியைக் குச்சியில் சுற்றிக் கொடுத்தேன். ஓநாயின் முதுகு நிறம் எதில் சரியாக வந்தது என்றால், டிக்காஷனை ஒரு தரம் பூசிக் காயவிட்டு அதன்மேல் கரியைத் தொட்டுத் தொட்டு வைத்ததில். செம்மண் மட்டும் என்றால் மாடு மாதிரி ஆகிவிடுகிறது.

எழுபது ஜிஎஸ்எம் (தாளின் கனத்துக்குச் சொல்லும் அளவு) தாள் இந்த ஈரத்தைத் தாங்கவில்லை, அப்பளமாக நெளிந்துவிட்டது. நாலு ஓரத்தையும் துணி க்ளிப் போட்டு அட்டையில் பிடித்து வைத்தபிறகுதான் நின்றது. அடுத்த தடவை நூறுக்கு மேல் ஜிஎஸ்எம் உள்ள தாளில்தான் ஜெராக்ஸ் போடுவேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றைத்தான் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் மகனோடு படிக்கும் ஒருவன் அவன் அம்மாயியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து வந்திருக்கிறான். காலுக்கு வெள்ளை அடிக்கவாம். அதே குச்சியை மஞ்சள் கிண்ணத்தில் முக்கிவிட்டான். கிண்ணம் கண்முன்னாலேயே சிவந்தது. ஒரு நொடி எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அப்புறம் எல்லோருக்கும் அந்தச் சிவப்பு வேண்டும் என்றாகிவிட்டது. ஆலாத்தி சுற்றும் தட்டில் தினமும் பார்க்கிற விஷயம்தான், ஆனால் தன் கையால் நடந்தால் வேறு மாதிரி இருக்கும்போல. ஐந்து தாளில் ஓநாய் நல்ல காவிச் சிவப்பாக நின்றது.

தாளவாடியிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு பாப்பா, ஏழு வயது இருக்கும், அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது தோளா இல்லீங்கத்தை, சீளுநாயி" என்றாள். வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளை. தோளா என்றால் ஓநாய், சீளுநாயி என்றால் செந்நாய். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி பஸ்ஸில் வந்துபோகிறவள், ஒரு தடவை ரோட்டோரமாக நாலைந்து செந்நாய் நின்றதைப் பார்த்திருக்கிறாளாம். அவள் சொன்னது சரிதான். சத்தியமங்கலம் காட்டில் செந்நாய் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. ஓநாய் மோயாறு பக்கத்து வறண்ட காட்டில் எப்போதாவதுதான் கண்ணில் படும். "காது உருண்டையா இருக்கணும், வாலு கறுப்பா புசுபுசுன்னு இருக்கணும்" என்று அவளே சொல்லிச் சொல்லி அந்த ஐந்து தாளிலும் காதின் முனையைக் கரியால் உருட்டி, வாலைக் கறுப்பாக்கி, ஐந்தையும் செந்நாய் ஆக்கிவிட்டாள். நான் போட்ட ஒரே அட்டையில் இரண்டு மிருகம் வந்துவிட்டது.

ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் விட்டது என் தப்பு. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். பார்த்தவுடனே வாங்கி வைத்திருக்க வேண்டும், நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்னொரு தடவை என்றால் நானே கலந்து கிண்ணத்தில் ஊற்றித்தான் கொடுப்பேன். அந்தச் சிவப்பும் நிலைக்கவில்லை. சுவரில் ஒட்டி வைத்ததில் அடுத்த ஞாயிறுக்குள் பாதி மங்கிவிட்டது. செம்மண் பூசியது அப்படியே இருக்கிறது.

இனி முகமூடி. பாக்குமட்டைத் தட்டில் செய்யலாம் என்று தோன்றியதற்குக் காரணம், ஒரு விசேஷத்தில் மிஞ்சிய தட்டு ஒன்று அடுக்களையில் கிடந்தது. பின்பக்கம் அப்படியே ஓநாய் நிறம், வரிவரியாக நாரோடு. பெயிண்ட்டே வேண்டாம். பத்து இஞ்ச் தட்டு பத்து வாங்கினேன், சாப்பாட்டுத் தட்டு அளவு. பிள்ளைகள் முகத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு வரைக்கும் வந்தது. முதல் முகமூடி அதோடு காலி. அப்புறம் எட்டு இஞ்ச் வாங்கினேன்.

இரண்டாவது, கண்ணில் போனது. ப்ளேடால் கண்ணுக்கு ஓட்டை வெட்டும்போது நார்வாக்கில் சடக்கென்று மேலிருந்து கீழ் வரைக்கும் பிளந்துவிட்டது. மூன்றாவதும் அப்படியே. மட்டையை அச்சில் வைத்து அழுத்துவதற்கு முன்னால் ஊறப்போடுவார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலாவதை அண்டாத் தண்ணீரில் இருபது நிமிஷம் போட்டேன். எடுத்தால் தோல் மாதிரி வளைந்தது. கத்தரிக்கோலிலேயே வெட்டு வாங்கியது. சந்தோஷமாக வெயிலில் காயப்போட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் வாழைப்பூ மடல் மாதிரி சுருண்டு கிடக்கிறது. ஐந்தாவதை ஊறவைத்து வெட்டி, இரண்டு எவர்சில்வர் வட்டலுக்கு நடுவில் வைத்து, மேலே இஸ்திரிப்பெட்டியைப் பாரமாக ஏற்றி, நிழலில் ஒரு இராத்திரி விட்டேன். காலையில் கிண்ணென்று பழைய வடிவத்திலேயே இருந்தது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுதலாம்.

ஆனால் ஐந்தாவதில் கண்ணின் தூரம் தப்பு. என் முகத்தை அளந்து, ஓட்டைக்கு நடு இருந்து நடு ஆறரை சென்டிமீட்டர் வைத்துவிட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கண் மறைந்தது. இத்தனை வருஷமாகச் சைஸ் பார்த்துத் தைக்கிறவள் பிள்ளைக்குப் பெரியவள் அளவு வைத்தால் எப்படி. டேப்பை எடுத்துப் பதினோரு பேரையும் அளந்தேன். எல்லோரும் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் இருந்தார்கள். ஐந்தேகால் வைத்து ஓட்டையை மூன்று சென்டிமீட்டர் அகலம் ஆக்கியதும் எல்லோருக்கும் பொருந்தியது.

ரோமத்துக்கு முதலில் தேங்காய் நாரைப் பிரித்து ஒட்டினேன். பார்க்கப் பிரமாதம். ஆனால் நெற்றி அரித்து ஒருவன் அழுதேவிட்டான். அப்புறம்தான் ஃப்ளீஸ் ஞாபகம் வந்தது. குளிர்நாட்டு ஆர்டருக்குத் தைத்ததில் சாம்பல் கலர் வெட்டுத்துணி அரைச் சாக்கு இருக்கிறது. உள்பக்கம் ப்ரஷ் பண்ணிப் பஞ்சு மாதிரி இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் ரோமம். இதை நேராக மெஷினிலேயே தட்டோடு வைத்துத் தைத்துவிடலாம் என்று ஒரு பேராசை. பவர்டேபிளில் 14ஆம் நம்பர் ஊசி, மூன்றாவது தையலிலேயே டப்பென்று முறிந்து முனை எங்கோ தெறித்தது. நல்லவேளை, பிள்ளைகளைத் திண்ணையில் விட்டிருந்தேன். முனையைக் காந்தம் வைத்துத் தேடி எடுக்கவே கால் மணி நேரம். அதன்பிறகு கோணி ஊசியால் ஓட்டை போட்டுக் கையால்தான் தைத்தது. காதுக்குப் பத்து இஞ்ச் தட்டின் மிச்சத்தை வெட்டினேன். அடி ஆறு சென்டிமீட்டர், உயரம் ஏழு, இரண்டு ஓட்டை, இரண்டு முடிச்சு.

ஒட்டுவதற்குக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் பசை காய்ச்சினேன். நன்றாகப் பிடித்தது, காலையில் பார்த்தால் எறும்பு சாரை கட்டியிருக்கிறது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், முகத்தில் வைக்கிற பொருளில் சேர்க்கக்கூடாது. ஆறாவது முகமூடி எறும்புக்குப் போனது. ஏழாவதுக்கு ஃபெவிகாலும் தையலும்.

மூக்கு, டீ குடிக்கும் பேப்பர் கப். அடியைக் கரியால் கறுப்படித்து, வாயை நாலு பக்கம் கீறி விரித்து உள்ளே ஒட்டினேன். முதலில் தட்டு முழுவதையும் முகத்துக்கு வைத்ததில் உள்ளே வேர்த்து மூச்சு முட்டியது, ஊளையிட்டால் சத்தமும் வெளியே வரவில்லை. மூக்குக்குக் கீழே தட்டை வெட்டி எறிந்துவிட்டேன். இப்போது வாய் வெளியே இருக்கிறது.

வால் மட்டும் எந்தச் சிரமமும் வைக்கவில்லை. சிங்கிள் ஜெர்ஸி, அதாவது டி-ஷர்ட் துணி, வெட்டுத்துணியைக் குறுக்குவாட்டில் இரண்டு சென்டிமீட்டர் பட்டையாக வெட்டி, இரண்டு கையிலும் பிடித்து ஒரு இழு இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். நீளவாட்டில் வெட்டினால் அப்படிச் சுருளாது. முப்பது கயிற்றை ஒரு முடிச்சில் கட்டி இடுப்பு எலாஸ்டிக்கில் தொங்கவிட்டோம். நேராகத் தொங்கியது. மாமனார் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பழைய ரப்பர் செருப்பில் கால்தடம் வெட்டி மரக்கட்டையில் ஒட்டி அச்சும் செய்தோம். நாலு விரல், ஒரு உள்ளங்கால், விரல் முனையில் நகம். பூனை, புலித் தடத்தில் நகம் பதியாது, இதில் பதியும். நகத்தை வெட்டும்போது இரண்டு தடவை ரப்பர் பிய்ந்துவிட்டது. கூரான புது ப்ளேடு வேண்டும், அதைப் பெரியவர்கள்தான் பிடிக்க வேண்டும்.

மொத்தச் செலவு 490 ரூபாய். ஜெராக்ஸ் நாற்பது தாள் 80, க்ரேயான் 120, பெரிய தட்டு பத்துக்கு 60, சின்னத் தட்டு இருபத்தைந்துக்கு 100, ஃபெவிகால் 50, கப் 40, எலாஸ்டிக் ஐந்து மீட்டர் 25, ஊசி 15. க்ரேயானையும் பெரிய தட்டையும் விட்டிருந்தால் 310இல் முடிந்திருக்கும்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம், ஏழாவதின் அளவிலேயே இன்னும் இரண்டு செய்து முடித்தபிறகு, களத்தில் கோலமாவால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் பெரிதாகப் போட்டோம். 23 புள்ளி. மூன்று புலிக்குப் பதில் மூன்று ஓநாய், பதினைந்து ஆடு. பதினோரு பேரில் மூன்று பேர் ஓநாய், எட்டுப் பேர் ஆடு, மீதி ஏழு ஆட்டுக்குச் செங்கல் என்பது என் கணக்கு. பதினோரு பேரும் ஓநாய்தான் என்றார்கள். ஆடாக ஒருத்தரும் நிற்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் பார்த்தேன். சீட்டில் ஆடு வந்தவர்கள் ஒரு சுற்று நின்றுவிட்டு அவர்களும் ஊளையிட ஆரம்பித்தார்கள். தெருவில் இருந்த நாய்கள் அத்தனையும் பதிலுக்கு ஊளையிட்டன. கட்டத்தை அழித்துக்கொண்டு எல்லோரும் ஓடியதுதான் மிச்சம்.

ஆட்டுக்கும் முகமூடி இருந்திருந்தால் நின்றிருப்பார்கள் என்கிறான் என் மகன். சின்னத் தட்டு பதினேழு மீதி இருக்கிறது. கொம்புக்கு என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். வெள்ளை ஃப்ளீஸ் என்னிடம் இல்லை, அடுத்த லோடு துணியில் வந்தால் உண்டு.